ஏற்காட்டுத் தராசும் பரீட்சைக் கணக்கும்

"தரவுப் போதுமை" என்றொரு கணக்கு இருக்கிறது. எம்.பி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பரீட்சையில் இது வருகிறது. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் 2011-ல் நுழைந்த சிசாட் தாளிலும் வருகிறது. அமெரிக்க ஜிமேட் பரீட்சையிலும் வருகிறது. அதில் உட்காரவே 250 டாலருக்கு மேல் கட்ட வேண்டும்! பட்டணத்துப் பயிற்சிக் கடைக்காரர்கள் இதை ஏதோ பிரம்ம வித்தை போல விலை கூறுகிறார்கள். இதற்கெல்லாம் பிறவியிலேயே தனி மூளை வேண்டுமாம்.

அப்பட்டமான புளுகு! சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் தராசடியில் அன்றாடம் போடுகிற கணக்கு இது.

பரீட்சையில் ஒரு கேள்வியும், அதன்கீழ் இரண்டு வாக்கியங்களும் கொடுப்பார்கள். விடை என்ன என்று கேட்கமாட்டார்கள். விடை காண இந்தச் செய்தி போதுமா என்றுதான் கேட்பார்கள். முதல் வாக்கியம் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, சேர்த்தாலும் போதாதா? இந்த ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்!

இனி தராசடிக்கு வாருங்கள். அக்காளும் தங்கையும் கூடையை இறக்குகிறார்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து 70 கிலோ" என்கிறார் மேஸ்திரி. "என் பங்கு எவ்வளவு?" என்று கேட்கிறாள் அக்காள். "சராசரி ஆளுக்கு 35 கிலோ, போம்மா" என்கிறார். இரண்டு வாக்கியம் வந்துவிட்டது. அக்காளின் கணக்கு தெரிந்ததா? இல்லை! 70-ஐ இரண்டாகப் பிரித்தால் 35. மேஸ்திரி ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அக்காள் பறித்தது 45 கிலோவாகவும் இருக்கலாம், 30 கிலோவாகவும் இருக்கலாம். "தங்கையைவிட 20 கிலோ கூடுதல்" என்று சொல்லியிருந்தால் போதும். 45, 25 என்று தீர்ந்திருக்கும். பயிற்சிக்குப் பணம் கட்டிய பையன்களும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். மேஸ்திரியின் வாய்ச்சொல்லைச் சந்தேகித்துப் பழகியவள் விழமாட்டாள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. இரண்டாவது வாக்கியத்தைத் தனியாக எடைபோடும்போது முதல் வாக்கியத்தைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். அங்கே படித்தது மனதில் ஒட்டிக்கொண்டு வந்து ஏமாற்றும். போதும் என்று தெரிந்த பிறகு விடையைக் கூட்டிக்கொண்டு உட்காருவதும் வீண்வேலை. நமது வாலிபர்கள் நான்கு மாலைப் பொழுதில் கற்கக்கூடிய வித்தை இது.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஏன் உள்ளே போகவில்லை? டான்செட்டில் ஆங்கிலத்துக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். முதல்நிலை வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் அச்சாகிறது. சிசாட்டை எதிர்த்து 2014-ல் டில்லியில் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்; 2015-ல் அது 33 சதவிகிதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாயிற்று. தமிழ் மட்டும் இன்றுவரை உள்ளே வரவில்லை.

இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர், 1820-களில். இருநூறு ஆண்டு கழிந்த பின்னும், அந்தக் காப்பியைப் பறிக்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் மகள் கலெக்டராக வேண்டுமென்றால், தன் தாய்மொழியில் இல்லாத தாளைத் திறக்க வேண்டியிருக்கிறது! அதே ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மாண்ட்போர்ட் போன்ற ஆங்கில விடுதிப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. இதற்குப் பெயர் "தகுதி"!

தகுதி என்ற பேச்சின் யோக்கியதையையும் பாருங்கள். அமெரிக்காவின் சாட் பரீட்சை 1926-ல் வந்தது. அதை உருவாக்கிய கார்ல் பிரிகாம் 1923-ல் எழுதிய புத்தகத்தில் வடஐரோப்பிய இனத்துக்கே அறிவு அதிகம் என்று வாதித்தவர். 1930-ல் அவரே தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று வாபஸ் வாங்கினார். பரீட்சை மட்டும் நிலைத்துவிட்டது.

கணக்கே வேண்டாம், பரீட்சையே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. நாம் அதை ஒப்பவில்லை. போனஸ் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் நீட்டும் காகிதத்தைப் பார்த்து "இது போதாது, மூலக் கணக்கைக் கொண்டு வா" என்று சொல்ல மில் தோழருக்கும் இந்தக் கணக்கு வேண்டும். இதைத் தமிழில், மலை மீதுள்ள அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் சேலத்து அரசுப் பள்ளிகளிலும், காசில்லாமல் கற்றுக்கொடுக்க வேண்டும். வினாத்தாள் தமிழில் அச்சாக வேண்டும். அதுவரை சங்க அலுவலகத்தின் கரும்பலகை சும்மா தொங்க வேண்டாம். அந்த அக்காள் தங்கை கணக்கை இந்த வாரமே அதில் எழுதுங்கள்.