நேயர் விருப்பமா, நிறுவன விருப்பமா?

நல்ல பாட்டொன்றைக் கேட்டவர் அதனைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. தோழருக்கோ, உடன் பணிபுரிபவருக்கோ, அடுத்த வீட்டாருக்கோ “இதைக் கேட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர் “அருமை” எனலாம். “பல்லவி நன்று, சரணம் சோர்ந்துவிட்டது” எனலாம். “என்னால் முழுவதும் கேட்க இயலவில்லை” என்றும் கூறலாம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் பணத்துக்கு இடமில்லை. பரிந்துரைப்பவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்பதனாலேயே அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. இசை வணிகத்தின் பெருநிறுவனங்கள் இன்று விலைபேசிக் கொண்டிருப்பது இந்த மதிப்பைத்தான்.

திரைப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலை தேவையா என்று சிலர் வினவக்கூடும். உழைக்கும் மக்கள் தமது ரசனையை யாரிடமிருந்து பெறுகிறார்கள், யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பது பண்பாட்டு அரசியலின் மையமான கேள்வி. இந்தியாவின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று.

தடையும் அஞ்சலட்டையும்

1952இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். செவ்வியல் இசையைக் கொண்டு நாட்டு மக்களைத் திருத்திவிடலாம் என்பது அவரது எண்ணம். அகில இந்திய வானொலியில் திரையிசைக்குரிய நேரம் குறுக்கப்பட்டது. படத்தயாரிப்பாளர்களுடன் ஏற்பட்ட பூசலின் முடிவில் திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. மக்களின் விருப்பம் இன்னதாக இருக்க வேண்டுமென அரசு மேலிருந்து ஆணையிட்ட காலம் அது.

மக்கள் திருந்தவில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினார்கள். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பில் ‘பினாகா கீத் மாலா’ தொடங்கியது. அமீன் சயானி தொகுத்து வழங்கிய அந்நிகழ்ச்சியின் முதல் ஒலிபரப்புக்கே 9,000 கடிதங்கள் வந்ததாகவும், ஓராண்டுக்குள் வாரத்துக்கு 65,000 என அவை பெருகியதாகவும் அவரே பலமுறை கூறியிருக்கிறார். தமிழ் நேயர்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எவ்வளவு நெருக்கமாக இருந்ததென்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். இறுதியில் அரசு இறங்கிவர நேர்ந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்தது. அமைச்சரின் ஆணையை நேயர்களின் அஞ்சலட்டை வென்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த அஞ்சலட்டைகளால் நாடறிந்த ஊர் ஒன்று உண்டு. இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தின் கோடர்மா மாவட்டத்திலுள்ள ஜும்ரி தலையா, மைக்கா எனப்படும் அப்பிரகச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த சிறுநகரம். மெல்லிய தகடாக உரியும் அக்கனிமம் வானொலிப் பெட்டிகளின் மின்தேக்கிகளிலும் பயன்பட்டது. அவ்வூரிலிருந்து நேயர் விருப்பம் கேட்டு வந்த கடிதங்கள் எண்ணிலடங்கா. வணிகர்களும் சிறு கடைக்காரர்களும் யார் அதிகம் எழுதுவது என்று போட்டியிட்டார்கள். நேயர் மன்றங்கள் அமைத்தார்கள். அப்படியோர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பிற பகுதியினர் ஐயுறும் அளவுக்கு அதன் பெயர் வானொலியில் ஒலித்தது. நாட்டின் வரைபடத்தில் எவரும் தேடாத ஓர் ஊரின் எளிய மனிதர் “இந்தப் பாட்டைப் போடுங்கள்” என்று கேட்க, அவருடைய பெயரோடும் ஊரோடும் நாடு முழுவதும் அந்தப் பாட்டைக் கேட்டது. பரிந்துரைத்தவர் யாரென்பது கேட்டவர் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. பினாகா என்பது பற்பசையின் பெயர். நிகழ்ச்சியே ஒரு விளம்பரம்தான். அஞ்சலட்டைகளை மொத்தமாக எழுதிப்போட்டுத் தரவரிசையை உயர்த்த முயன்றார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்ததுண்டு. ஆயினும் பற்பசை வணிகர் தம் பெயரை மறைக்கவில்லை. விளம்பரம் எது, நேயரின் விருப்பம் எது என்று பிரித்தறிய முடிந்தது.

செயலியின் ‘உங்களுக்காக’

இன்று அந்தக் கோடு அழிக்கப்படுகிறது. கைப்பேசியைத் திறந்தவுடன் ‘உங்களுக்காக’ என்றொரு பட்டியல் வந்து நிற்கிறது. கேட்பவரின் மனமறிந்த நண்பர் தேர்ந்து கொடுத்ததைப் போன்ற தோற்றம் அதற்கு. உள்ளே நடப்பது வேறு. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2020இல் அறிவித்த ஒரு திட்டத்தின்படி, பாடலுக்கு உரிமையுடையோர் தமக்குரிய உரிமத்தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், தானியங்கிப் பரிந்துரையில் அப்பாடலுக்கு முன்னுரிமை கிடைக்கும். அவ்வாறு கேட்கப்படும் நேரங்களுக்கு 30 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பாடல் எவ்வழியில் தம்மிடம் வந்ததென்று கேட்பவருக்கு எந்தக் குறிப்பும் இல்லை. அதே நிறுவனம், ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடல்களுக்கு 2024 முதல் தொகை ஏதும் தருவதில்லை. முன்னே தள்ளுவதற்கு விலை கேட்டு, பின்தங்கியவருக்குரிய சில்லறையையும் நிறுத்தும் ஏற்பாடு இது.

யூடியூபின் கதையும் வேறுபட்டதன்று. புதிய பாடலொன்று 24 மணி நேரத்தில் இத்தனை கோடிப் பார்வைகள் பெற்றது என்று விளம்பரம் செய்வது வழக்கமாயிற்று. 2019 ஜூலையில் ஒரு ஹிந்திப் பாடல் ஒரே நாளில் 7.5 கோடி பார்வைகளைத் தாண்டி உலகச் சாதனை படைத்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பார்வைகளில் பெரும்பகுதி விளம்பரக் கட்டணத்தின் மூலம் வந்தது என்ற செய்தி பின்னர் வெளியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், விலை கொடுத்துப் பெற்ற பார்வைகளைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் தன் விதியை மாற்றிக்கொண்டது. மக்களின் பாராட்டைப் போலவே தோற்றமளிக்கும் ஒன்றைக் கடையில் வாங்க முடிகிறது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாகத்தான் இதனைக் கொள்ள வேண்டும்.

வானொலி அறிவிப்பாளர்கள் இசைத்தட்டு நிறுவனங்களிடம் கைக்கூலி பெற்றுப் பாடல்களை ஒலிபரப்பிய முறைகேடு 1959இல் அமெரிக்காவில் அம்பலமானது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பெற்ற பணத்தை நேயர்களிடம் மறைப்பது குற்றமென 1960இல் சட்டம் வந்தது. அன்று முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே வெட்கத்துக்குரிய செயலாகக் கருதப்பட்டது, இன்று ‘சேவை’ என்ற பெயரில் வெளிப்படையாக விற்கப்படுகிறது.

இத்தொழில்நுட்பத்தால் பயனே இல்லை என்பதன்று வாதம். மணிப்பூரின் பாடகர் ஒருவரைக் கோயம்புத்தூர்த் தொழிலாளி கேட்க முடிவது நற்பேறு. ஆனால், கோடிக்கணக்கானோர் எதைக் கேட்டார்கள், எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற தகவல் அனைத்தும் ஊதியமில்லாத உழைப்பாகத் திரட்டப்பட்டு, சில ஏகபோக நிறுவனங்களின் சொத்தாகிறது. நேயர்களின் நேர்மையான எதிர்வினையே மூலப்பொருளாகி, அவர்களிடமே விற்கப்படும் சரக்காகத் திரும்பி வருகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, வெளிப்படைத்தன்மை. பணம் பெற்றுப் பொருள்களைப் பரிந்துரைக்கும் சமூக ஊடகப் பிரபலங்கள் அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அக்கடமை செயலிகளின் பாடல் பட்டியல்களுக்கும் சட்டப்படி நீட்டிக்கப்பட வேண்டும். சலுகை பெற்று முன்தள்ளப்படும் பாடலின் மீது அவ்வுண்மை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுத்துறை ஒலிபரப்பு. விவித் பாரதியையும் அகில இந்திய வானொலியின் மாநில மொழி நிலையங்களையும் ஆளின்றியும் நிதியின்றியும் வாடவிடக் கூடாது. நேயரின் பெயரும் ஊரும் ஒலிக்கும் நிகழ்ச்சிகள் எல்லா மொழிகளிலும் வலுப்பெற வேண்டும்.

மூன்றாவது கடமை இடதுசாரிகளுடையது. திரைப்பாட்டை மக்களின் மயக்கமருந்து என்று ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. அது கேஸ்கரின் ஆணையை நினைவூட்டுகிறது. மாதுங்கா ரயில்வே பணிமனையில் உழைத்த சைலேந்திராவும், சலில் சௌத்ரியும் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழியே திரையிசைக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டில் எம்.பி. சீனிவாசன் திரையிசையோடும் சேர்ந்திசையோடும் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கத்தையும் கட்டியெழுப்பினார். மக்கள் எதை விரும்பிக் கேட்கிறார்கள் என்பதை அவர்கள் ஏளனம் செய்ததில்லை.

தொழிற்சங்க அலுவலகங்களிலும் கிளை நூலகங்களிலும் மாதம் ஒரு மாலையைப் பாட்டுக்கென ஒதுக்கலாம். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவரட்டும். ஏன் பிடித்தது என்று சொல்லட்டும். பிடிக்காதவர் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும். மூத்தவருக்கு இளையவரின் பாட்டு புதிதாக இருக்கும். ஒடியா பேசும் புலம்பெயர் தொழிலாளி கொண்டுவரும் பாட்டு எல்லோருக்குமே புதிதாக இருக்கும். இதற்குக் கட்டணமோ சந்தாவோ தேவையில்லை. நாற்பது நாற்காலிகளும் ஒரு ஒலிபெருக்கியும் போதும்.