ரேடாரின் சிவப்பு

மழை இருட்டிக்கொண்டு வந்தால் போதும், சென்னை அசோக் நகரில் ஆளாளுக்குக் கைபேசியில் ரேடார் படத்தைத் திறந்துவிடுகிறார்கள். கனமழையைக் காட்டும் சிவப்பு நம் பக்கம் நகர்ந்தால் வண்டியை மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தச் சிவப்பை நான் அப்படியே நம்புவதில்லை. ரேடார் நேரடியாக மழையை அளப்பதில்லையே! துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவை வைத்து, இவ்வளவு பெய்யலாம் என்று கணக்குப் போடுகிறது. துளியின் விட்டம் 2 மடங்கானால் அதிலுள்ள தண்ணீர் 8 மடங்குதான் ஆகும்; திரும்பி வரும் அலையோ 64 மடங்கு வலுக்கும். கொஞ்சம் பெருந்துளிகள் கலந்தாலே கணக்கு எகிறிவிடும். அதைத் திருத்தத் தரையில் மழைமானி வேண்டும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரம் 49 செ.மீ. வாங்கியது, நுங்கம்பாக்கத்தில் அவ்வளவு இல்லை. இத்தனை வித்தியாசம் காட்டும் ஊரில் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் ரேடார் சுழல்வது நல்லதுதான். ஆனால் எந்தத் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதை மேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கால்வாயும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வார்டுக்கு வார்டு மழைமானியும், ஒவ்வொரு வடிகாலும் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கும் ரேடாரோடு சேரட்டும். வானிலை மையத்தைத் திட்டும் நேரத்தில் பாதியை மாநகராட்சியிடம் இதைக் கேட்பதற்குச் செலவிடலாம்.