மாலையை எங்கே கழட்டணும் சாமி?

பதினோரு வருஷமா நம்ம கோவில் சபரிமலைக் குழுவுக்குத் தொண்டு செய்றேன். இதை எழுதலாமா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சேன். பேசாம விட்டா அடுத்த வருஷமும் நடக்கும்.

கொச்சியிலிருந்து கோலாலம்பூர் திரும்பும்போது நடந்தது. 41 நாள் விரதம், இருமுடி, நெய்யபிஷேகம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. கொச்சி ஹோட்டல்லயே சில பேர் மாலையைக் கழட்டிட்டாங்க. விமானம் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகல, அதில் நாலு பேர் ட்யூட்டி ஃப்ரீ பாட்டிலைத் திறந்தாச்சு. தலைக்கு மேல பெட்டியில அப்பப் பிரசாதம், கீழ விஸ்கி! சத்தம், கெட்ட வார்த்தை. சன்னல் பக்கம் இருந்த நம்ம மாளிகைப்புறம் பாட்டி, இவங்களைத் தாண்டிக் கழிவறைக்குப் போகப் பயந்து, இறங்குற வரைக்கும் அடக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.

நான் மூணு வரிசை பின்னால. பார்த்தும் வாயைத் திறக்கல. அது என் தப்பு.

கேட்டா, "விரதம் முடிஞ்சிருச்சு, எங்க காசு"ன்னு பதில். வீட்டுல குடிச்சா உங்க பாடு. பஸ்னா ஓரமா நிறுத்தி இறக்கி விடலாம். 35,000 அடி உயரத்துல அந்தப் பாட்டி எங்க போவாங்க? சொந்த பாட்டிலை உள்ளே திறக்கக் கூடாதுங்கிறது பெரும்பாலான விமான நிறுவனங்களோட விதி. அதுவும் உங்களுக்குத் தெரியும், பாட்டிலைப் போர்வைக்குள்ள மறைச்சுத்தானே ஊத்துனீங்க?

உடம்பையும் யோசிங்க. விமானத்துக்குள்ள காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி. நாம ஏறின மலையை விட அதிகம். 2024-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வுல, ஆரோக்கியமான இளையவங்களே அந்த அழுத்தத்துல குடிச்சுத் தூங்கினப்ப ரத்தத்துல ஆக்ஸிஜன் 85 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருக்கு. நம்ம குழுவுலயோ பாதிப் பேருக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு.

நிர்வாகத்துக்கு ஒரே கோரிக்கை. ஊர் திரும்பி, வாசல்ல தேங்காய் உடைச்சு, குருசாமி கையாலயோ அம்மா கையாலயோ மாலையைக் கழட்டறதுதானே நம்ம முறை? பெயர் பதியும்போதே இதைச் சொல்லிடுவோம். சம்மதம் இல்லாதவங்க தனியா டிக்கெட் எடுத்துக்கட்டும்.

பாட்டிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுட்டேன். அந்த நாலு சாமிகளும் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வாங்க. பாட்டி வழக்கம்போல பூ கட்டிக்கிட்டு இருப்பாங்க.

சாமியே சரணம் ஐயப்பா 🙏