ஆர்டர் 48, காசு 23!

இங்கே புனேவில் எங்க மேல் வீட்டு அக்கா இட்லிப் பொடி, வத்தக்குழம்புப் பொடி செஞ்சு வெப்சைட்டில் விக்கிறாங்க. போன மாசம் விளம்பர ஏஜென்சிக்காரர், "48 ஆர்டர் மேடம், பட்ஜெட்டை ஏத்துங்க" என்றார். அக்கா வளையலை அடகு வைக்கவே கிளம்பிட்டாங்க. பேங்க்கில் வந்திருந்ததோ 23 ஆர்டருக்கான காசு!

ஆபீஸில் நான் புடுங்குறதும் இதே ஆணிதான் என்பதால் உட்கார்ந்து நோண்டினேன். கூகுள் அனலிடிக்ஸ் டேக் சைட் தீமில் ஒண்ணு, டேக் மேனேஜரில் இன்னொண்ணு. எல்லாமே ரெண்டு ரெண்டா எண்ணியிருக்கு. 'நன்றி' பக்கத்தை மூணு பேர் ரெஃப்ரெஷ் பண்ணியிருக்காங்க, அதுவும் ஆர்டராம்! யூபிஐ ஆப்பில் காசு கட்டிட்டு சைட்டுக்குத் திரும்பாத ரெண்டு பேர் கணக்கிலேயே இல்லை. ஆக 21, கூட 3, இரட்டிச்சா 48.

"சின்ன டெக்னிகல் கோளாறு சார்" என்கிறார். எதுங்க சின்னது? கம்மியா காட்டியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பீங்களே! விளம்பரச் செலவில் பர்சென்ட் வாங்குறவர் கையிலேயே தராசையும் கொடுத்தது நம்ம தப்பு.

மக்களே, கடை உங்களுது, அனலிடிக்ஸ் கணக்கும் உங்க பேரில் இருக்கட்டும். ஒரு டேக் போதும். ஆர்டர் நம்பரை ட்ரான்சாக்‌ஷன் ஐடியா அனுப்பச் சொல்லுங்க, ரெஃப்ரெஷ் பண்ணினாலும் ஒண்ணுதான் எண்ணும். நீங்களே ஒரு ஆர்டர் போட்டு டீபக்வியூவில் பாருங்க. மாசக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோட ஒத்துப் பாருங்க. பட்ஜெட் பேச்சு அப்புறம்.

வளையல் இன்னும் அக்கா கையில்தான் இருக்கு.