18 வயதைக் கடந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றியம்தோறும் பகல்நேர மையம் கோரும் மனு

அனுப்புநர்: அறிவுசார் குறைபாடு உடையோரின் பெற்றோர், உடன்பிறந்தோர் சங்கத்தினர், இராசிபுரம் வட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாமக்கல்.

ஐயா / அம்மையீர்,

இராசிபுரம், வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை ஒன்றியங்களில் எங்கள் பிள்ளைகள் பலர் 18 வயதைக் கடந்துவிட்டனர். சிறப்புப் பள்ளி இருந்தவரை காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது. இப்போது நாள் முழுதும் திண்ணைதான். தாய் கோழிப் பண்ணைக்கோ தறிக்கோ போனால் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். போகாவிட்டால் கூலி இல்லை. அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் பகலில் துணைக்கு ஆள் வேண்டும்.

வெளியூர் இல்லங்களில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் டீக்கடைக்காரர், மாரியம்மன் பண்டிகை, தங்கை வீடு எல்லாவற்றையும் விட்டு அவர்கள் ஏன் போக வேண்டும்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை அவர்களுக்கு அளித்துள்ளது.

கேரளத்தில் 2004இல் வெங்ஙானூர் ஊராட்சியில் அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கான முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கியது. இன்று அம்மாநிலத்தில் 18 வயதைக் கடந்தோருக்கும் உள்ளாட்சிகளே மறுவாழ்வு மையங்கள் நடத்துகின்றன. அங்குள்ள குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தோள் கொடுக்கிறார்கள். நம் மகளிர் குழுக்களாலும் இது முடியும். பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றை ஒன்றியத்துக்கு ஒன்றாக ஒதுக்கி, வேன் வசதியும் இரண்டு பயிற்சி பெற்ற பணியாளர்களும் தர வேண்டுகிறோம். முட்டை அட்டை அடுக்குவது, ஜவ்வரிசிப் பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகளை அங்கேயே கற்றுத் தரலாம். செய்த வேலைக்கு உரிய கூலி அவர்கள் கைக்கே வர வேண்டும்.

எங்களில் பலருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. எங்களுக்குப் பிறகு இவர்களை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பில் இரவில் தூக்கம் வருவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி தங்கள் தலைமையில் இயங்கும் உள்ளூர் அளவிலான குழு, சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். அதற்கான விசாரணையை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே முகாமாக நடத்தித் தாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அதே முகாமில் பதிவு செய்யலாம்.

காப்பாளர் ஒருவரை மட்டும் நம்பியிருப்பது போதாது. உடன்பிறந்தோர், அண்டை வீட்டார், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழு உறுப்பினர் சேர்ந்த துணைக்குழு ஒவ்வொரு பிள்ளைக்கும் அமைய வேண்டும். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத்திருத்தம் நிறைவேறியுள்ளது. அந்த உறுப்பினர்கள் முன்னின்று நடத்த, ஆகஸ்ட் 15 கிராம சபையில் இத்துணைக்குழுக்கள் அமைப்பதைப் பொருளாக வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளைகளின் பெயர், வயது, ஊர்ப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் எங்கள் ஊர்களுக்கு நேரில் வரும் நாளைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்