முழி சரியில்லை என்றால் கொலைகாரனா?



இந்தச் சுவரிதழில் எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு தாள். அதில் ஒரு டி.வி. தொடரைப் பற்றி எழுதப் போகிறேன். "படிக்கிற வயசில் டி.வி. தொடரா?" என்று சிலர் முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுமை! இது தொடரைப் பற்றி மட்டும் இல்லை. நம்மைப் பற்றியும்தான்.

தொடரின் பெயர் 'பிராட்சர்ச்'. இங்கிலாந்தின் ஐ.டி.வி.யில் 2013 மார்ச் 4 முதல் ஏப்ரல் 22 வரை திங்கள்தோறும் வந்தது. மொத்தம் 8 பகுதிகள். எழுதியவர் கிறிஸ் சிப்னால். கடற்கரையோரச் சின்ன ஊர் ஒன்று. அங்கே டானி என்ற 11 வயதுப் பையன் செங்குத்துப் பாறைக்குக் கீழே மணலில் இறந்து கிடக்கிறான். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஹார்டி, உள்ளூர்க்காரரான பெண் அதிகாரி எல்லி மில்லர் இருவரும் விசாரிக்கிறார்கள். கொன்றது யார்? இதுதான் கதை.

(எச்சரிக்கை: இனிமேல் முடிவைச் சொல்லிவிடுவேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் பக்கத்துத் தாளில் உள்ள விடுகதைக்குப் போகலாம்!)

எங்கள் வகுப்பில் இதைப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். "அப்பாதான்டி கொன்னது, ராத்திரி எங்க போனேன்னு கேட்டா பொய் சொல்றாரு பாரு!" என்பாள் ஒருத்தி. "இல்ல, அந்த நாய் வச்சிருக்கிற அம்மா! அவங்க பார்வையே சரியில்ல" என்பாள் இன்னொருத்தி. ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் பேப்பர் கடைத் தாத்தா ஜாக் மார்ஷல். ஏன் என்று கேட்டால், "ஆளைப் பாரேன், திருட்டு முழி!" என்பதுதான் பதில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜாக்காக நடித்த டேவிட் பிராட்லியை நமக்கு ஏற்கெனவே தெரியும். ஹாரி பாட்டர் படங்களில் பூனையோடு சுற்றும் சிடுமூஞ்சி ஃபில்ச் அவர்தான்! அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு தானாகவே "கெட்டவன்" என்று சீல் குத்திவிடுகிறது. நடிகரைச் சந்தேகிக்கிறோமா, பாத்திரத்தைச் சந்தேகிக்கிறோமா என்றே தெரியவில்லை.

ஜாக்கிடம் டானி பேப்பர் போடும் வேலை பார்த்தான். சிறுவர்களுக்கான கடற்படைப் பயிற்சிக் குழுவையும் ஜாக் நடத்தினார். பல வருடங்களுக்கு முன்பு, 16 வயது நிறையாத ஒரு பெண்ணோடு பழகியதற்காகச் சிறைக்குப் போனவர். பிறகு அந்தப் பெண்ணையே மணந்துகொண்டவர். அவர் செய்தது குற்றம்தான், அதற்குத் தண்டனையும் அனுபவித்துவிட்டார். ஆனால் டானியின் சாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்திரிகைகள் பழைய கதையைத் தோண்டி எடுத்துப் பெரிதாகப் போட்டன. ஊர் ஆண்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைத் தடுத்தது யார் தெரியுமா? பிள்ளையைப் பறிகொடுத்த டானியின் அப்பாவேதான்! ஆனாலும் ஜாக்கால் தாங்க முடியவில்லை. அவர் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அந்தப் பகுதி முடிந்த மறுநாள் எங்கள் சாப்பாட்டு வட்டத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, உண்மையில் கொன்றது யார்? எல்லி மில்லரின் கணவர் ஜோ! வீட்டில் இருந்து கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவர். எங்கள் வட்டத்தில் ஒரு ஓட்டுகூட அவருக்கு விழவில்லை.

"இது ஏமாத்து வேலை. ஜோவுக்கு எந்த மோட்டிவும் காட்டவே இல்லையே" என்று என் தோழிகள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜோ டானியை வீட்டாருக்குத் தெரியாமல் சந்தித்து வந்தார். "யாரிடமும் சொல்லாதே" என்ற ரகசியம் அது. இனி வரமாட்டேன் என்று டானி சொன்னதும், வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் கொலை. பிடிபட்ட பிறகு, அன்பினால்தான் பழகினேன், தப்பாக எதுவும் நடக்கவில்லை என்கிறார் ஜோ. ஹார்டி அதைக் கேட்டுச் சமாதானம் ஆகவில்லை. நானும் ஆகவில்லை. செய்தவன் சொல்லும் காரணம் அவனுக்கு வசதியான காரணமாகத்தானே இருக்கும்? நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பெரியவர் சொல்லும் ரகசியத்தை, அன்றைக்கே வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லிவிட வேண்டும்.

இந்த வேடத்தில் நடித்த மேத்யூ கிரவெல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம். தொடரை மறுபடி பார்த்தால்தான் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சமையலறையில் நின்றுகொண்டு, எப்போதும் காட்சியின் ஓரத்திலேயே இருக்கிறார். வில்லன் சிரிப்பு இல்லை, ஓரப் பார்வை இல்லை. நல்லவர் போல நடிக்கிறோம் என்பதே தெரியாமல் நடிப்பது சாதாரண விஷயமா? கொலைகாரன் யார் என்பதைப் படப்பிடிப்பின்போது பெரும்பாலான நடிகர்களிடமே மறைத்து வைத்திருந்தார்களாம்!

ஆனால் முதல் பரிசு எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனுக்குத்தான். எப்போதும் "மில்லர்" என்றே கூப்பிடும் ஹார்டி, உண்மையைச் சொல்லும்போது மட்டும் "எல்லி" என்கிறார். அந்த அம்மா வசனம் எதுவும் பேசி அழவில்லை. நம்ப மாட்டேன் என்கிறார், பிறகு உடம்பு மடங்கிச் சுவர் ஓரமாகப் போய்விடுகிறார். நம் சீரியல்களில் என்றால் முகத்தை மூன்று தடவை காட்டி இடி இடித்திருப்பார்கள்! 2014-ல் பாஃப்டா விருது சிறந்த நாடகத் தொடருக்காக 'பிராட்சர்ச்'சுக்கும், சிறந்த நடிகைக்காகக் கோல்மனுக்கும், சிறந்த துணை நடிகருக்காக நம் 'ஃபில்ச்' தாத்தாவுக்கும் கிடைத்தது.

இதே எல்லி முன்பு என்ன செய்தார் தெரியுமா? நாய் வளர்க்கும் அந்த அம்மாவின் கணவன் சொந்த வீட்டிலேயே கொடுமை செய்தவன். "உனக்கு எப்படித் தெரியாமல் போகும்?" என்று அந்த அம்மாவை மடக்கியவர் எல்லி. கடைசிப் பகுதியில் டானியின் அம்மா அதே கேள்வியை எல்லியிடம் கேட்கிறார். எல்லியிடம் பதில் இல்லை. அடுத்த வீட்டுக்காரரை நோக்கி நாம் சுலபமாக வீசும் கேள்வி அது!

இன்னொரு விவாதமும் நடந்தது. விசாரணை அறையில் எல்லி ஜோவை அடித்து உதைக்கும்போது, "போடு, இன்னும் ரெண்டு போடு!" என்று என் தோழிகள் கை தட்டினார்களாம். எனக்கும் அந்த அம்மாவின் கோபம் புரிகிறது. ஆனால் 2015-ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். அந்த அடியைக் காட்டியே ஜோவின் வக்கீல் ஒப்புதல் வாக்குமூலத்தைச் செல்லாமல் ஆக்குகிறார். முடிவில் ஜோ விடுதலை! நம் நாட்டுச் சட்டமும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியாக ஏற்பதில்லை. 'ரெண்டு போட்டால் உண்மை வந்துவிடும்' என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கதையில் ரெண்டு போட்டதால்தான் உண்மை கையை விட்டுப் போனது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் கட்டுரைப் போட்டியில் அதை அழகாக எழுதிப் பரிசும் வாங்குகிறோம். ஆனால் வகுப்பில் ஒரு கால்குலேட்டர் காணாமல் போகட்டும், முதல் பீரியட் முடிவதற்குள் ஒரு பெயர் பரவிவிடும். அது எப்போதும் யார் பெயர்? பழைய யூனிஃபார்ம் போட்டு வருகிறவன், யாரோடும் சேராமல் தனியாக உட்காருகிறவள், போன வருஷம் ஒரு தடவை மாட்டிக்கொண்டவன். சாயங்காலம் கால்குலேட்டர் சொந்தக்காரரின் பையிலேயே கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள்.

டி.வி. தொடரில் யூகிப்பது தப்பே இல்லை. நன்றாக யூகியுங்கள், சண்டை போடுங்கள், பந்தயமும் கட்டுங்கள். (டீச்சர், பந்தயம் என்பது கடலைமிட்டாய்தான்!) அங்கே ஓட்டு வாங்கிய ஜாக் ஒரு நடிகர். படப்பிடிப்பு முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். நம் வகுப்பில் ஓட்டு வாங்குகிறவர் நாளைக் காலையில் அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.

அதனால் எல்லா வகுப்புத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது காணாமல் போனால், யார் பெயரையும் சொல்லாமல் முதலில் எல்லோருமாகச் சேர்ந்து தேடுவோம். கிடைக்காவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்வோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மாதத் தாளில் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.



– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி