தூர ஊரில் பைக் வாங்கப் போகும் தம்பிமாருக்கு: என்ஜினைப் பார்க்கும் கண்ணால் புத்தகத்தையும் பாருங்கள்



ஒரு தம்பி போனைக் காட்டி, "சேர், குருநாகலில் ஒரு பல்சர் இருக்கு, நம்மட ஊர் விலையை விட 60,000 குறைவு, போகட்டா?" என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் பெரியவர் உடனே, "தெரியாத ஊரில தெரியாத மனிசனிட்ட வாங்காத, ஊருக்குள்ள பார்" என்கிறார். பள்ளிவாசல் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்த இருவரில் நாம் தம்பியின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

ஏன் தம்பியின் பக்கம்? கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நமக்கு வாசலிலேயே கடல். உப்புக் காற்று சைலன்சரை அரிக்கும், ரிம்மை அரிக்கும், ஸ்போக் கம்பியை அரிக்கும், கண்ணுக்குத் தெரியாத செசியின் அடிப்பக்கத்தையும் விடாது. உள்நாட்டில் ஒரே ஆள் கந்தோருக்கும் வீட்டுக்குமாக ஓடிய பைக், அதே வயதில் வேறு மாதிரி இருக்கும். அதோடு ஊருக்குள் விற்பனைக்கு வருபவற்றில் பல, ஏற்கெனவே இரண்டு மூன்று புரோக்கர் கை மாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறி வந்தவை. ஓடிய மனிதனிடமே நேரே போய் வாங்குவது நல்ல யோசனைதான்.

வேறு வழியும் பெரிதாக இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய பைக்கின் விலை எங்கே போய் நின்றது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். திறந்த பிறகும் வரியெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மேசன் வேலை செய்பவருக்கோ, கடலுக்குப் போகிறவருக்கோ, புதிதாக நியமனம் கிடைத்துத் தூரப் பாடசாலைக்கு ஓட வேண்டிய ஆசிரியருக்கோ புதுப் பைக் எட்டுவதாக இல்லை. சீட்டுக் காசு, உம்மாவின் காப்பு, கட்டாரில் இருக்கும் காக்கா அனுப்பியது, எல்லாம் சேர்ந்ததுதான் கையில் இருக்கும் அந்த 3 இலட்சமும் 4 இலட்சமும்.

அதனால்தான் நிபந்தனை: உங்கள் பெயருக்கு மாற்ற முடியாத பைக் வேண்டாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பைக் பார்க்கப் போகிறவர்கள் கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிப் போகிறார்கள். அவர் என்ஜினைக் கேட்கிறார், செயினை இழுக்கிறார், வெள்ளைப் புகையா நீலப் புகையா என்று பார்க்கிறார். ஒரு மணித்தியாலம் போகும். பிறகு புத்தகத்தை வாங்கி, இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, மடித்துப் பொக்கட்டுக்குள் வைக்கிறார்கள். (இப்போது அது புத்தகமே இல்லை, ஒரு தாள். இருந்தாலும் நமக்கு அது புத்தகம்தான்.) அந்தத் தாளில் யாருடைய பெயர் இருக்கிறது, பைக்கை விற்கிறவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா, லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா, தாளில் உள்ள செசி இலக்கமும் பைக்கின் கழுத்தில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றா என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் யாரும் செலவழிப்பதில்லை.

பிரச்சினையின் வேர் ஓபன் பேப்பர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பெயர் மாற்றும் படிவத்தில் விற்பவர் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பார். வாங்கியவர் அதை அப்படியே வைத்திருந்து, விற்கும்போது அடுத்தவருக்குக் கொடுப்பார். புரோக்கருக்கு இது மிக வசதி. அவருடைய பெயர் எங்கேயும் வராது, பெயர் மாற்றும் செலவும் இல்லை. நான்கு கை மாறிய பிறகும், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தைப் பொறுத்தவரை அந்த பைக் இன்னும் முதல் ஆளுடையதுதான்.

நமக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் வீட்டு முற்றத்தில் இரண்டு வருடமாக ஒரு பைக் தறப்பாள் போட்டு மூடிக் கிடக்கிறது. கணவர் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். இத்தா முடிந்த பிறகு, பிள்ளைகளின் செலவுக்கு அதை விற்கலாம் என்று பேப்பரை எடுத்துப் பார்த்தால், புத்தகத்தில் இருப்பது எங்கோ வெளி மாவட்டத்து ஒருவரின் பெயர். படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் தண்ணீர் பட்டு மை ஊறிப் போயிருக்கிறது. திரும்பக் கையெழுத்து வாங்கலாம் என்று அந்த விலாசத்துக்கு ஆள் அனுப்பினால், அந்த மனிதர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாராம். கணவரின் பெயரில் இருந்திருந்தால் மரணச் சான்றிதழைக் கொண்டுபோய் வாரிசுகளின் பெயருக்கு மாற்ற ஒரு வழி இருந்திருக்கும். இப்போது கேட்டு வருகிறவர்கள் பார்ட்ஸ் விலைக்குக் கேட்கிறார்கள். அவர் விட்டுப்போன சொத்து என்று சொல்ல அந்த வீட்டில் வேறு பெரிதாக எதுவும் இல்லை.

"பேப்பர் பேப்பர் என்று கேட்டால் விற்கிற மனிசன் நம்மைச் சந்தேகப்படுறான் என்று நினைப்பானே" என்கிறார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் அல்-குர்ஆனிலேயே மிக நீளமானது, சூரா பகராவின் 282ஆவது. எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. விற்பவருக்கும் அதில்தான் பாதுகாப்பு. நீங்கள் பைக்கை ஓட்டி வந்து, அல்லாஹ் காக்க வேண்டும், ஒருவரை இடித்துவிட்டால் பொலிஸ் முதலில் தேடிப் போவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். இதை அவரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள், அவரே பேனை எடுத்து வருவார். சொன்ன பிறகும் ஒருவர் "பேப்பர் பிறகு பார்க்கலாம்" என்று இழுத்தால், திரும்பி பஸ் ஏறிவிடுங்கள். பஸ் காசு போனால் போகட்டும்.

புரோக்கரை ஏன் விட முடியவில்லை என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். ஒரு காரணம் மொழி. நம்மில் சிங்களம் நன்றாகப் பேசுபவர்கள் நிறைய, வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. விற்பனைக் கடிதம் சிங்களத்தில் எழுதப்படுகிறது, நம்மவர் தலையாட்டிக் கையெழுத்து வைக்கிறார். இன்னொரு காரணம் பயம். 2019 மே மாதம் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொலப் பக்கம் நடந்தவை யாருக்கும் மறந்துபோகவில்லை. அந்தப் பக்கத்து ஊருக்குள் தனியாகப் போகத் தயங்கும் தம்பிமாரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துத்தான் புரோக்கர் 25,000, 30,000 என்று எடுக்கிறார் என்பதும் உண்மை. வயதான ஒருவரையும், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு பகலில் போய் வந்தவர்கள், தேத்தண்ணி குடிக்காமல் எழும்ப விடவில்லை என்றுதான் வந்து சொல்கிறார்கள்.

போகாமலே வாங்குவதுதான் உண்மையான ஆபத்து. விளம்பரத்தில் படம் அழகாக இருக்கும், விலை ஒரு இலட்சம் குறைவாக இருக்கும், விற்பவர் அவசரமாக வெளிநாடு போகிறவராக இருப்பார். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், 20,000 போட்டால் உங்களுக்கு வைக்கிறேன்" என்பார். போட்ட பிறகு, லொறியில் அனுப்ப இன்னொரு 15,000 கேட்பார். பிறகு போன் வேலை செய்யாது. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை இப்படி 35,000 இழந்தது நமக்குத் தெரியும். வாப்பாவிடம் சொல்லப் பயந்து ஒரு மாதம் மறைத்து வைத்திருந்தான். பைக்கைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸும் போட வேண்டாம்.

பைக்கைப் பற்றி மெக்கானிக்குக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. இரண்டே விஷயம். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள், போனதும் என்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்கிறார்களோ என்று யோசியுங்கள். மீற்றரில் 18,000 கிலோமீற்றர் என்று காட்டி, கால் வைக்கும் றப்பரும் பிரேக் பெடலும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் றப்பரை நம்புங்கள். கண்டி, மஹியங்கனை வழியாக ஓட்டி வருவதாக இருந்தால், வெளிக்கிட முன் இரண்டு பிரேக்கையும் அந்த ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழகாத பைக்கில் இரவில் பதினெட்டு வளைவை இறங்கிப் பிரேக்கைச் சோதிக்கக் கூடாது.

காசு கொடுப்பது கடைசி வேலை. முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். அவரோடு வங்கிக்குப் போய், புத்தகத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே போடுங்கள், துண்டை வைத்துக்கொள்ளுங்கள். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற இரண்டு படிவங்களிலும் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதப்பட்ட பிறகுதான் எழும்ப வேண்டும். அவருடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்று உங்களிடம், உங்களுடையது அவரிடம். விற்பனைக் கடிதத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். காலையில் அவர் ஓட்டியதற்கு நீங்களோ, மாலையில் நீங்கள் ஓட்டியதற்கு அவரோ பதில் சொல்லத் தேவையில்லாமல் போகும். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குள் வைத்துவிடாமல், அடுத்த கிழமைக்குள் பெயர் மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான். ஓபன் பேப்பரில் விற்றுவிட்டு, "எனக்குக் காசு வந்துட்டு, இனி அவன்ட பாடு" என்று இருப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. அந்த ராத்தாவின் முற்றத்தில் கிடக்கும் பைக்கையும் யாரோ ஒருவர் அப்படித்தான் விற்றிருக்கிறார்.

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். போக முதல் மஃரிபுக்குப் பிறகு வாருங்கள், நாங்கள் ஆசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் பார்த்துத் தருவோம். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், ஆனால் கையெழுத்து வைக்க முதல் அனுப்புங்கள்.